கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

ஒலி புகாத அறையின் கதவு கனமானது. அதைச் சாத்தியதும் ஓ.பி. வரிசையின் இரைச்சல், டோக்கன் எண்ணைக் கூப்பிடும் குரல், ஸ்ட்ரெச்சர் உருளும் ஓசை எல்லாம் அறுந்துபோகும். உள்ளே நோயாளி உட்கார்ந்திருப்பார். ஹெட்போனின் சிவப்புப் பக்கம் வலது காதில், நீலப் பக்கம் இடது காதில். கையில் ஒரு பொத்தான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம், ஆடியோமீட்டரின் முன்னால் நான். "எவ்ளோ சின்னதா கேட்டாலும் அழுத்துங்க. சந்தேகமா இருந்தாலும் அழுத்துங்க" என்று சொல்லியாயிற்று.

1000 ஹெர்ட்ஸில் தொடங்குவோம். கேட்டுவிட்டால் 10 டெசிபல் இறக்குவோம். கேட்காவிட்டால் 5 ஏற்றுவோம். இப்படி இறங்கி ஏறி, அந்தக் காது பாதித் தடவையாவது பிடித்துக்கொள்கிற மிக மெல்லிய ஒலி எது என்று கண்டுபிடிப்போம். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொண்டுவிடுவார்கள். அவர்களுக்குக் கைவர நாளாவது இடைவெளி. ஒரு ஒலிக்கும் அடுத்த ஒலிக்கும் நடுவே விடுகிற நேரம் ஒரே அளவாக இருந்தால் மூளை அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒலி வராதபோதும் விரல் அழுத்தும். அவர் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்ததே கேட்டதுபோல் ஆகிவிடுகிறது. அதனால் ஒருமுறை இரண்டு நொடி, ஒருமுறை ஐந்து, மறுபடி மூன்று என்று தாளத்தைக் கலைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்த ஐந்து நொடிகளில் எதிரே இருக்கும் முகத்தைப் பார்ப்பேன். நெற்றி சுருங்கும். கண்கள் ஒரு பக்கமாக ஒதுங்கும். சிலர் மூச்சைக்கூட நிறுத்திக்கொள்வார்கள். மனிதர்கள் இவ்வளவு ஊன்றிக் கேட்பதைத் தினமும் பார்க்கிற வேலை எனக்கு வாய்த்திருக்கிறது.

*

0 டெசிபல் என்றால் ஒலியே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். காது நன்றாக உள்ள இளவயதினர் பலரைச் சோதித்து, அவர்களுக்குக் கேட்ட மிக மெல்லிய ஒலியின் சராசரியைத்தான் 0 என்று வைத்திருக்கிறார்கள். அதற்கும் கீழே, -5, -10 வரை கேட்பவர்கள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளில் சிலர் அப்படி அழுத்துவார்கள். அன்றைக்கு முழுவதும் எனக்கு மனது நிறைந்திருக்கும்.

*

செவித்திறனை அளக்கும் இந்தத் துறை உருவானதே மருத்துவமனையில்தான். இரண்டாம் உலகப் போரில் குண்டுகளும் பீரங்கிகளும் பல வீரர்களின் காதைப் பறித்தன. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், டெஷான் இராணுவ மருத்துவமனையில், ரேமண்ட் கார்ஹார்ட் அப்படித் திரும்பியவர்களுக்காக ஒரு நடைமுறையை வகுத்தார். முதலில் அளப்பது, பிறகு கருவி பொருத்துவது, அதன் பிறகு கேட்கப் பழக்குவது. இன்றும் என் துறையில் அந்த வரிசைதான். மூன்றாவதற்குத்தான் ஆளும் போதவில்லை, நேரமும் போதவில்லை.

*

விசைத்தறிக்காரர்கள் பெரும்பாலும் தாங்களாக வருவதில்லை. மனைவி கூட்டி வருவார். "டிவி வச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்குது மேடம், இவரு இன்னும் வையிங்கறாரு." பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர் என்று ஊர் சொல்லும்போதே ஆடியோகிராம் எப்படி இருக்கும் என்று ஓரளவு தெரிந்துவிடும். 2000 ஹெர்ட்ஸ் வரை கோடு மேலேயே போகும். 4000-இல் சட்டென்று ஒரு குழி. 8000-இல் கொஞ்சம் ஏறும். இரண்டு காதிலும் ஒரே மாதிரி. இரைச்சல் உள்ள இடத்தில் ஆண்டுக்கணக்கில் நின்ற காதுக்கு அந்தக் குழிதான் அடையாளம்.

அவர்களிடம் நான் கவனிப்பது கண்களை. பேசும்போது என் கண்ணைப் பார்க்க மாட்டார்கள், உதட்டைப் பார்ப்பார்கள். தறிக் கூடத்துக்குள் உதட்டாலும் கையாலும்தான் பேச்சு நடக்கிறது. இருபது வயதில் உள்ளே போனவர்கள் தங்களுக்குத் தெரியாமலே உதடு படிக்கக் கற்றுக்கொள்கிறார்கள். முகக்கவசம் போட வேண்டியிருந்த கோவிட் காலத்தில்தான் பலருக்குத் தங்கள் காது எவ்வளவு போயிருக்கிறது என்பதே தெரியவந்தது.

"பழகிடுச்சு" என்பார்கள். மனம் பழகியிருக்கலாம், காது பழகுவதில்லை. ஒவ்வொரு காதின் நத்தைச் சுருளுக்குள்ளும் சுமார் 3,500 உள்மயிர்ச் செல்களும் 12,000 வெளிமயிர்ச் செல்களும் இருக்கின்றன. பறவைகளுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைக்கும். மனிதருக்கு முளைக்காது, பிறக்கும்போது கிடைத்ததை வைத்தே கடைசிவரை ஓட்ட வேண்டும். 85 டெசிபல் இரைச்சலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது கணக்கு. அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும்: 88-இல் நான்கு மணி, 91-இல் இரண்டு, 94-இல் ஒரே மணி. இங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பு, தொழிலாளர் இழப்பீட்டுக்கான சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. அதைச் சொல்லி இழப்பீடு கேட்பதற்காகச் சோதனைக்கு வந்த தறிக்காரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. கை போயிருந்தால் கேட்டிருப்பார்கள். காதில் செருகும் அடைப்பானுக்குச் சில ரூபாய்தான் விலை. அதை வாங்கித் தருவது தறி உரிமையாளரின் கடமை. போட்டுக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்துவதும் அவர் கடமைதான்.

*

அமிகாசின் ஊசி போடும் காசநோயாளிகளையும் சிஸ்பிளாட்டின் ஏறும் புற்றுநோயாளிகளையும் வார்டிலிருந்து அனுப்புவார்கள். உயிரைக் காக்கிற மருந்துகள். காதையும் தொடுகிற மருந்துகள். பாதிப்பு மிக உயர்ந்த சுருதியில் தொடங்கும். சாதாரணப் பேச்சு கெடாமல் இருப்பதால் நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. சாதாரண ஆடியோமீட்டர் 8000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேலேயும் அளக்கிற கருவி இருந்தால் சரிவை முன்கூட்டியே பிடிக்கலாம். மருந்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா என்பது மருத்துவரின் முடிவு. அவர் அதை யோசிப்பதற்கு, ஊசி தொடங்கும் முன்பே எடுத்த ஒரு தாள் வேண்டும். அந்த முதல் தாள் இல்லாமல் வருகிறவர்கள்தான் அதிகம்.

*

"சத்தம் கேக்குதும்மா. என்ன பேசுறாங்கன்னுதான் வெளங்கல."

அறுபத்தைந்து, எழுபது வயதுக்காரர்கள் எந்த ஊரிலிருந்து வந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். துல்லியமான வாக்கியம். முதுமையில் முதலில் போவது உயர்ந்த சுருதிகள். உயிர் ஒலிகள் தாழ்ந்த சுருதியில், பலமாக வரும், அவை கேட்கும். க, ச, த, ப போன்ற மெய்களின் கூர்மை மேலே இருக்கிறது, அது மங்கும். பட்டு, தட்டு, கட்டு மூன்றும் அந்தக் காதுக்கு ஒரே சொல்லாகிவிடும். எது என்பதைப் பேச்சின் போக்கை வைத்து ஊகிக்க வேண்டும். வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஊகிக்க அவகாசம் இல்லை. தாத்தா எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார். அவருக்கு எதிலும் ஒட்டுதல் இல்லை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுவார்கள்.

பிள்ளைகள் கத்துகிறார்கள். கத்தும்போது பெரிதாவது உயிர் ஒலிதான். தேவையான மெய் அப்படியே மங்கலாக நிற்கிறது. அதோடு, கத்துகிற முகம் கோபமான முகம். ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "எம் மகன் எப்பப் பாத்தாலும் எரிஞ்சு விழுறான்." பக்கத்திலேயே நின்ற மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அப்பா, நான் கோவமா பேசலப்பா, கேக்கட்டும்னுதான்" என்று, அதையும் கத்தித்தான் சொன்னார். நான் நாற்காலியை இழுத்து அவரை அப்பாவுக்கு நேரெதிரே உட்காரவைத்தேன். முகத்தில் வெளிச்சம் படும்படி. மின்விசிறியை நிறுத்தினேன். சாதாரணக் குரலில், சற்று நிறுத்தி நிறுத்திப் பேசச் சொன்னேன். ஒருமுறை புரியாவிட்டால் அதையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லச் சொன்னேன். இருவரும் ஆடு விற்றதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். கருவி இன்னும் பொருத்தவேயில்லை.

கருவி பொருத்திய நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஏமாற்றம்தான். பல ஆண்டுகளாக மூளைக்குப் போகாத ஒலிகள் எல்லாம் ஒரேயடியாக உள்ளே வரும். மின்விசிறி, செருப்பு, தாள் புரளுவது, தன் சொந்த மெல்லும் ஓசை. "ஒரே இரைச்சலா இருக்கு, கழட்டிடுங்க" என்பார்கள். எது வேண்டும், எதை ஒதுக்க வேண்டும் என்று மூளை திரும்பப் பழக வாரங்கள் ஆகும். முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஒருவரோடு பேசும்போது மட்டும். பிறகு டிவி. கல்யாண மண்டபம் கடைசியில். இதை எடுத்துச் சொல்ல நேரம் ஒதுக்காமல் கையில் கொடுத்தனுப்பும் கருவி பீரோவில் போய்ச் சேரும்.

இன்னொன்றும் உண்டு. பேட்டரி ஒரு பட்டன் அளவு. பின்புறம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை உரித்ததும் காற்றுப் பட்டுத்தான் வேலை செய்யத் தொடங்கும். ஒரு நிமிடம் விட்டுப் போட்டால் நீடித்து வரும். கண்புரையும் நடுங்கும் விரலும் உள்ள ஒருவரால் அந்த ஸ்டிக்கரை உரிக்க முடியாது. ஆகவே வீட்டிலிருந்து யார் வந்திருக்கிறார்களோ அவர்களுக்கும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிறேன். பேரப்பிள்ளைகள் வந்தால் நிம்மதி. அவர்கள் ஒரே தடவையில் பிடித்துக்கொள்வார்கள். தாத்தாவின் காதில் கருவியின் அச்சை எப்படித் திருகி உட்கார வைப்பது என்று அப்பாவுக்கே சொல்லிக்கொடுப்பார்கள்.

லான்செட் ஆணையம் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய்க்கான மாற்றக்கூடிய காரணங்களின் பட்டியலில் செவித்திறன் இழப்பையும் வைத்திருக்கிறது. வயதானால் காது கேட்காதுதான் என்று விட்டுவிடும் குடும்பங்களுக்கு இதை நான் கட்டாயம் சொல்கிறேன். பயமுறுத்த அல்ல. அந்தத் திண்ணைத் தனிமை உடம்புக்கும் கேடு என்று அவர்கள் அறிய வேண்டும்.

*

மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குச் சோதனை நடக்கும் நாட்களில் கூட்டம் நிற்க இடமிருக்காது. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர். 60 முதல் 70 வரை இருந்தால் செவித்திறன் குறைந்தவர். 58-இல் நிற்பவரும் பேருந்தில் நடத்துநர் சொல்வது கேட்காமல் தவிக்கிறவர்தான். சிலர் கேட்டும் அழுத்தாமல் இருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க எங்களிடம் முறைகள் உண்டு. அவர்களை நான் கடிந்துகொள்வதில்லை. தனியே அழைத்து, மறுபடி சொல்லிக்கொடுத்து, மறுபடி எடுப்பேன். உண்மையான அளவைத்தான் எழுதுவேன். அவர் வீட்டில் என்ன கஷ்டம் என்றும் கேட்பேன். வேறு உதவிக்கு வழி இருந்தால் சமூகப் பணியாளரிடம் அனுப்புவேன்.

*

கைக்குழந்தைகளின் செவியை அளக்கும் பெரா (BERA) சோதனைக்குக் குழந்தை தூங்க வேண்டும். விடியற்காலையிலேயே எழுப்பி, விழிக்க வைத்துக் கூட்டி வாருங்கள் என்று சொல்லியனுப்புகிறோம். அந்தத் தாய் அப்படியே செய்வாள். மூன்று மணி நேரப் பேருந்தில் குழந்தை நன்றாகத் தூங்கிவிடும். இங்கே வந்ததும் விழித்துக்கொண்டு சிரிக்கும். பிறகு பாலூட்டி, தோளில் போட்டு, நடந்து, ஆட்டி, விளக்கணைத்த அறையில் எல்லோரும் அதன் இமையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

தூங்கியதும் நெற்றியையும் இரு காதுக்குப் பின்புறத்தையும் பசை தடவித் துடைத்து, எலெக்ட்ரோடு ஒட்டுவேன். காதுக்குள் சின்னச் செருகி. அதன் வழியே 'டிக் டிக்' என்று கிளிக் ஒலி ஆயிரக்கணக்கில் போகும். செவிநரம்பும் மூளைத்தண்டும் ஒவ்வொரு கிளிக்குக்கும் 10 மில்லி நொடிக்குள் பதில் அனுப்பும். அந்த மின் அலை ஒரு வோல்ட்டின் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மூளையின் மற்ற மின்னோட்டங்கள் அதைவிடப் பல மடங்கு பெரியவை. ஆனால் அவை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி. செவியின் பதில் மட்டும் ஒவ்வொரு முறையும் அதே கணத்தில் வரும். சுமார் 2,000 பதிவுகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால் மற்றவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, செவியின் அலை மட்டும் திரையில் மெல்ல எழுந்து நிற்கும். ஐந்தாம் அலை என்போம். ஒலியைக் குறைத்துக்கொண்டே போய், அது 30 டெசிபலிலும் தெரிந்தால் எழுந்து போய் அந்தத் தாயின் தோளைத் தட்டலாம்.

சில குழந்தைகளுக்கு 90-இலும் கோடு தட்டையாகவே இருக்கும். மறுபடி எடுப்பேன். எலெக்ட்ரோடைச் சரிபார்ப்பேன். அடுத்த காது. அதற்குள் தாய் என்னைப் பார்த்துக்கொண்டிருப்பாள். திரையில் ஓடும் கோடுகள் அவளுக்குப் புரியாது, என் முகம் புரியும். முகத்தை ஒரே மாதிரி வைத்துக்கொள்வது இந்த வேலையில் கற்க வேண்டியவற்றில் ஒன்று. ஒரு சோதனையை மட்டும் வைத்து எதுவும் சொல்லக் கூடாது. நடுக்காது அழுத்தம் பார்க்க வேண்டும். உட்காதின் எதிரொலி பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது ஒலிக்குக் குழந்தை எப்படி அசைகிறது என்று பார்க்க வேண்டும். எல்லாம் ஒரே திசையைக் காட்டிய பிறகுதான் சொல்வேன்.

*

சொல்லும்போது அவர்களுக்குச் சமமான உயரத்தில் உட்காருவேன். கூடுமானவரை அப்பாவும் இருக்க வேண்டும். "பாப்பாவுக்கு ரெண்டு காதும் கேக்கலம்மா." அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு பேசாமல் இருப்பேன். கருவி, ஆபரேஷன், பயிற்சி, காப்பீடு என்று அடுத்தடுத்து அடுக்கினால் ஒன்றுகூட அவர்கள் உள்ளே போகாது. ஆடியோமீட்டரில் பழகிய இடைவெளி எனக்கு இங்கேதான் அதிகம் உதவுகிறது. அது எத்தனை நேரம் நீள வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள்.

பிறகு தாய் கேட்பாள்: "பேசுவானா?"

அதற்குப் பின்னால் வருவது பழி. கிரகணத்தன்று வெளியே போனாளாம். கர்ப்பத்தில் எதையோ தின்றாளாம். "எங்க வம்சத்துல யாருக்கும் இல்ல" என்று மாமியார் சொல்லும்போது அந்தப் பெண் தரையைப் பார்ப்பாள். இதற்கு மட்டும் நான் காத்திருப்பதில்லை. மாமியாரையும் கணவரையும் உட்கார வைத்து, அவளுக்கும் கேட்கும்படி சொல்வேன். பிறவியிலேயே வரும் செவித்திறன் இழப்பில் பெரும்பகுதி மரபணுவால் வருவது. கனெக்சின் 26 என்ற புரதத்துக்கான மரபணுவில் பழுது இருந்தால் இப்படி ஆகும் என்று 1997-இல் கண்டறிந்தார்கள். அந்தப் பழுதை ஒருவர் மட்டும் சுமந்தால் ஒன்றும் ஆகாது, அவருக்கே தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் குழந்தைக்கு வரும். தாய்மாமனைக் கட்டுவது, அத்தை மகனைக் கட்டுவது என்று ஒரே குடும்பத்துக்குள் மணம் முடிக்கும்போது ஒரே பழுது இருபுறமும் இருக்க வாய்ப்பு கூடுகிறது. சொந்தத்தில் முடித்தது யாருடைய ஏற்பாடு என்று நான் கேட்பதில்லை. அவர்களே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள்.

*

என் வேலையில் பெரும்பகுதி காத்திருப்புதான். ஆனால் வீட்டில் நடக்கும் ஒரு காத்திருப்பு என்னை வாட்டுகிறது. "கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

இரண்டரை வயதில், மூன்று வயதில் கூட்டி வருகிறார்கள். "இவங்கப்பாவே நாலு வயசுலதான் பேசினாராம்." வசம்பு உரசி நாக்கில் தடவியிருப்பார்கள். நாக்குக்கு அடியில் நரம்பு ஒட்டியிருக்கிறது என்று அதை வெட்டியும்விட்டிருப்பார்கள். கோயிலுக்கு நேர்ந்திருப்பார்கள். நேர்த்திக்கடனைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. அதோடு சேர்த்துச் சோதனையும் செய்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். குழந்தைக்குப் பின்னால் தட்டைத் தட்டிப் பார்த்ததாகவும் அது திரும்பியதாகவும் சொல்வார்கள். திரும்பியிருக்கும். தரையின் அதிர்வு, கையசைவின் காற்று, சுவரில் விழும் நிழல், எதிரே இருக்கும் தாயின் கண் போகிற திசை, இவற்றில் ஒன்று போதும். கேளாத குழந்தைகள் இவற்றை மற்றக் குழந்தைகளைவிட நன்றாகக் கவனிக்கும். மழலையும் ஏமாற்றும். சற்றும் காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் 'ங்கா' சொல்லும், சிரிக்கும், குரல் கொடுக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு அது வளராமல் தேயும். தேய்வது யார் கண்ணிலும் படாது.

பிறந்த ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். உலகம் முழுவதும் ஏற்றுக்கொண்ட கணக்கு இது. ஆயிரம் குழந்தைகளில் ஒன்று முதல் மூன்று பேர் இந்தக் குறையோடு பிறக்கிறார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தவை, எடை மிகக் குறைந்தவை, ரத்தம் மாற்றும் அளவுக்கு மஞ்சள் காமாலை ஏறியவை, மூளைக்காய்ச்சல் வந்தவை ஆகியவற்றில் இது இன்னும் அதிகம். அவற்றுக்கு உட்காதின் எதிரொலிச் சோதனை மட்டும் போதாது. உட்காது நன்றாயிருந்து நரம்பில் குறை இருந்தால் அந்தச் சோதனை 'பாஸ்' என்றே காட்டும். பெராவும் வேண்டும்.

மூளையில் கேட்டலுக்கான பகுதி ஒலி வந்தால்தான் வளரும். வராவிட்டால் அந்த இடத்தைப் பார்வையும் தொடுதலும் எடுத்துக்கொள்ளும். மூன்றரை வயதுக்குள் ஒலி போய்ச் சேர்ந்துவிட்டால் அப்பகுதி பெரும்பாலும் இயல்பாகவே வளர்கிறது. ஏழு வயதுக்கு மேல் அது மிகக் கடினம். அதனால்தான் அவசரப்படுகிறேன்.

*

காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உட்காதில் மின்முனைகளைப் பொருத்தும் அறுவை சிகிச்சை பற்றிப் பேசும்போது கிரேம் கிளார்க்கை நினைத்துக்கொள்வேன். ஆஸ்திரேலியர். அப்பா மருந்துக்கடை வைத்திருந்தார், காது சரியாகக் கேட்காதவர். காதின் நத்தைச் சுருளுக்குள் மின்கம்பியை வளைத்து நுழைப்பது எப்படி என்று பல காலம் தெரியாமல் இருந்த கிளார்க், 1977-இல் கடற்கரையில் ஒரு சங்கின் சுருளுக்குள் புல்லின் இதழை விட்டுப் பார்த்தார். நுனி மெலிந்தும் அடி விறைப்பாகவும் இருந்ததால் அது சுருண்டு உள்ளே போயிற்று. அடுத்த ஆண்டு மெல்போர்னில் அவரது முதல் அறுவை சிகிச்சை. இன்றும் பல கருவிகளில் 22 மின்முனைகள்தான். 3,500 உள்மயிர்ச் செல்களின் வேலையை 22 முனைகள் செய்கின்றன. மீதியை மூளை இட்டு நிரப்புகிறது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இது இலவசம். கூலி வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் காதுக்குப் பின்னால் ஒட்டிய காந்த வட்டத்தோடு பள்ளிக்குப் போவதைப் பார்க்கிறேன். இந்த அரசு ஏற்பாட்டை நான் மனதார மெச்சுகிறேன்.

சுவிட்ச் ஆன் செய்யும் நாளில் குழந்தை சிரிக்கும் என்று பெற்றோர் செல்போனைத் தயாராக வைத்திருப்பார்கள். பெரும்பாலும் அழும். அல்லது விளையாடுவதை நிறுத்திவிட்டு அசையாமல் நிற்கும். அந்த நிறுத்தம்தான் எனக்கு வேண்டியது. அதற்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் பயிற்சி. ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளை வாயை மறைத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பார்க்க வேண்டும். பேச்சின் சுருதிகள் எல்லாம் அவற்றுள் அடங்கும். ஒரு தாய் அடுப்படியில் பிள்ளையைத் திண்டில் உட்கார வைத்துக்கொண்டு, "தோசை ஊத்தப் போறேன், கேளு... ஷ்ஷ்ஷ்னு சொல்லுதா? இப்பத் திருப்பப் போறேன், மறுபடி கேளு" என்று பேசிக்கொண்டே இருப்பாராம். நான் எழுதிக்கொடுத்த எந்தப் பயிற்சியையும்விட அது நல்லது. இப்படிப்பட்ட தாய்மார்கள் ஊரை விட்டு, பயிற்சி மையத்துக்குப் பக்கத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்குகிறார்கள். கணவர் திருப்பூரிலோ துபாயிலோ இருப்பார். அவர்களின் உழைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

பிறகு சில ஆண்டுகளில் உத்தரவாதக் காலம் முடிகிறது. கம்பி அறுகிறது. காந்த வட்டம் பழுதாகிறது. புதிதாக வாங்க ஆயிரங்கள், வெளிக்கருவியே போனால் லட்சங்கள். "கேபிள் போயிடுச்சு மேடம், மூணு மாசமா போடல" என்று ஒரு தகப்பன் சொல்லும்போது பையன் பக்கத்தில் நின்று என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அறுவை சிகிச்சைக்கு லட்சக்கணக்கில் தருகிற அரசு, கம்பிக்கும் பேட்டரிக்கும் தடையில்லாமல் தர வேண்டும். இல்லையென்றால் முன்பு செலவழித்ததும் வீண். அந்தத் தாயின் ஆண்டுகளும் வீண்.

*

எல்லோருக்கும் இம்ப்ளான்ட் பொருந்தாது. காலம் கடந்து வந்தவர்கள் உண்டு. செவிநரம்பே இல்லாத குழந்தைகள் உண்டு. அவர்களின் பெற்றோரிடம் சைகை மொழியைப் பற்றிச் சொல்லும்போது தோற்றுப்போனதுபோல் சொல்லக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். அது முழுமையான மொழி; அதில் கணக்கும் கற்கலாம், காதலும் சொல்லலாம். பாளையங்கோட்டையில் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே புளோரன்ஸ் சுவைன்சன் காது கேளாதோர் பள்ளியைத் தொடங்கிவிட்டார். அந்த மண்ணில் படித்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்துகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். பிள்ளைக்கு ஏதோ ஒரு மொழி உரிய வயதில் கிடைத்தாக வேண்டும். மொழியே இல்லாமல் ஐந்து வயதைத் தாண்டுவதுதான் உண்மையான இழப்பு.

*

இதைப் படிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ தெருவிலோ குழந்தை பிறந்திருந்தால், "காது டெஸ்ட் எடுத்தாச்சா?" என்று கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கோ அனுப்புங்கள். முதல் சோதனையில் 'ரெஃபர்' என்று வந்தால் பயப்பட வேண்டாம். பிறந்த ஓரிரு நாளில் காதுக்குள் இருக்கும் ஈரமும், பிறக்கும்போது ஒட்டியிருக்கும் மாவும்கூட அப்படிக் காட்டும். ஆனால் மறு சோதனைக்குக் கட்டாயம் போக வேண்டும். ஒரு வயதில் பேர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பாத குழந்தையை நாலு வயது வரை வைத்துப் பார்க்காதீர்கள். பெரியவர்கள் யாருக்காவது ஒரே இரவில் ஒரு காது கேட்காமல் போனால் எண்ணெய் விடாமல், சொட்டு மருந்து தேடாமல், அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். முதல் சில நாட்களிலேயே மருந்து தொடங்கினால்தான் பலன் அதிகம்.

குழந்தைக்கான சோதனை வலிக்காது. அரசு மருத்துவமனையில் காசும் இல்லை. அடுத்த மாதம் என்று தள்ளாதீர்கள்.